விசார்ட்டின் ஆந்தையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: துணைவிலங்கை எப்படி ஆடுவது?

அஸ்தம்பட்டி_ஆந்தை

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஞாயிறுதோறும் கூடும் ஒரு சிறு குழுவில் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி ஆடி வருகிறோம். எங்கள் டிஎம் (கதையை நடத்துபவர்) கதைக்களத்தைச் சேர்வராயன் மலையின் சாயலில் அமைத்திருக்கிறார். மூடுபனி, மிளகுக்கொடி ஏறிய மரங்கள், உச்சியில் ஒரு குகைக்கோயில், அடிவாரத்தில் கோட்டையும் சந்தையும் உள்ள ஊர் என எல்லாம் உண்டு. காப்பித் தோட்டமும் உண்டு. 1820களில் ஆட்சியர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி அரசர் காலத்து மலையில் எப்படி விளைகிறது என்று கேட்டவருக்கு, டிராகன் வாழும் மலையில் காப்பியும் விளையும் என்று பதில் வந்தது.

என் பாத்திரம் விசார்ட், அதாவது மந்திரவாதி. துணைவிலங்கை, அதாவது ஏவல் கேட்கும் சிறு விலங்கை, அழைக்கும் மந்திரத்தை முதல் நிலையிலேயே எடுத்து, பலரும் பரிந்துரைத்தபடி ஆந்தையைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சாமம் என்று பெயரும் வைத்தேன். சண்டையில் அது எதிரியின் முகத்தருகே பறந்து 'ஹெல்ப்' செய்கிறது (தோழரின் தாக்குதலுக்கு உதவுகிறது), எங்கள் ரோக்குக்கு (திருடன் பாத்திரத்துக்கு) அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுக்கும் வாய்ப்பு) கிடைக்கிறது, அது திரும்பி வருகிறது. சண்டை முடிந்தபின் அப்படியொரு பறவை இருப்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. உளவு பார்க்க அனுப்பினாலோ, நானும் டிஎம்மும் மட்டும் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். மற்றவர்களின் நேரத்தைத் தின்னாமல், பயனுள்ளதாகவும் நினைவில் நிற்கக்கூடியதாகவும் அதை ஆடுவதற்கு வழி சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_டிஎம்

நண்பரே, விதிநூலை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு, அது எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். துணைவிலங்கு தாக்க முடியாது, ஆனால் மற்ற ஆக்ஷன்கள் (தன் முறை வரும்போது செய்யும் செயல்கள்) அனைத்தையும் செய்யலாம். நூறு அடிக்குள் இருக்கும்வரை மனத்தால் பேசலாம். அந்தத் தொலைவுக்குள் ஒரு ஆக்ஷனைச் செலவிட்டு அதன் கண்களாலும் காதுகளாலும் உலகை அறியலாம், ஆனால் அந்நேரத்தில் உங்கள் சொந்தக் கண்ணும் காதும் அடைபட்டிருக்கும். நூறு அடி என்பது ஏறத்தாழ முப்பது மீட்டர். ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டு, அடுத்த வளைவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குக்கூட அது போதாது. ஆகவே உண்மையான உளவுக்கு ஆந்தையை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டு, அது திரும்பி வந்து சொல்வதைத்தான் நீங்கள் நம்ப வேண்டியிருக்கும்.

என் மேசையில் துணைவிலங்குகளுக்கு உயிர் வந்தது இந்த இடத்தில்தான். ஆந்தையின் அறிவுத்திறன் 2. "வாயிலில் நான்கு காவலர்கள் நிற்கிறார்கள், ஒருவன் படைத்தலைவன்" என்று அதனால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதற்குப் படைத்தலைவன் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் இருட்டில் 120 அடிவரை அதற்குப் பார்வை உண்டு, பார்ப்பதிலும் கேட்பதிலும் அதற்கு அட்வான்டேஜும் உண்டு. எனவே அது இப்படிச் சொல்லட்டும்: "கல்லுக்குள் எலிகள் ஓடும் ஒலி. எலிகள் ஒரு பக்கச் சுவரை மட்டும் நெருங்குவதில்லை. ஒரு பெரிய உயிர் மூச்சு விடுகிறது, ஆனால் தூங்கவில்லை." இதைக் கேட்டதும் ரோக் ஒரு பொருள் சொல்வார், கிளெரிக் (பூசாரி பாத்திரம்) வேறொரு பொருள் சொல்வார், வாக்குவாதம் தொடங்கும். உளவு பார்த்தது ஆந்தை, அதற்கு விளக்கம் காண்பது மொத்தக் குழு என்றாகிவிட்டால், கைபேசிகள் தாமாகவே கீழே போகும்.

இன்னொன்று, துணைவிலங்கு உண்மையில் விலங்கே அல்ல. அது விலங்கின் உருவெடுத்த ஆவி. தேவ இனமா, வன இனமா, அசுர இனமா என்பதை அழைப்பவரே தேர்ந்தெடுக்கிறார். பெரும்பாலானோர் அதைத் தாளில் எழுதிவிட்டு, பிறகு அந்தப் பக்கம் திரும்புவதேயில்லை. உங்கள் சாமம் எந்த இனம், இந்த மலைக்கு ஏன் வந்தது, எதை விரும்புகிறது என்று டிஎம்முடன் பேசி முடிவு செய்யுங்கள். கட்டளையை அது மீற முடியாது என்று விதி சொல்வதால், அதன் விருப்பம் ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் இடையில்தான் வெளிப்பட வேண்டும். நான் நடத்திய கதையொன்றில் ஒரு துணைவிலங்கு, வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் யாருடைய கொலுசிலிருந்தாவது ஒரு முத்தைக் கவ்விக்கொண்டு வந்துவிடும். சில வாரங்கள் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜமீன்தாரின் காணாமல்போன மகளுடைய கொலுசு முத்து அந்தக் குவியலில் கிடைத்த நாளில் கதையே திரும்பிவிட்டது. அதற்குப் பல பழக்கங்களைச் சேர்க்காதீர்கள். ஒரு பழக்கம் இருந்து, அது கதையைத் தொட்டால் போதும்.

ஏற்காட்டு_மிளகு

அண்ணன் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் அவர் ஆந்தையையே வைத்துக்கொண்டு பேசுகிறார். நான் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்: உங்கள் கதைக்களம் நம்மூரைப் போன்றதென்றால், தோளில் ஆந்தையுடன் வருபவனை எந்த ஊர்க்காரர் வீட்டுக்குள் விடுவார்? ஆந்தை அலறினால் சாவு என்று அஞ்சும் ஊரில், உங்கள் குழு நுழைந்ததுமே கதவுகள் சாத்தப்பட வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. துணைவிலங்கை மறக்கவே முடியாதபடி செய்ய, ஊர்மக்கள் அதைப் பார்க்கும் பார்வையைவிட நல்ல கருவி கிடையாது என்பதே என் கருத்து. கூலிப்படையினர் கொள்ளையடிக்க வரும் வீட்டின் கூரையில் சாமம் ஒருமுறை அலறினால், அவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

விதிநூல் தரும் பட்டியலிலுள்ள மற்ற உருவங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பல்லியை யாருமே தேர்ந்தெடுப்பதில்லை, ஏனெனில் எண்களை மட்டும் பார்த்தால் அது பயனற்றது. ஆனால் கவுளி சாத்திரத்தை நம்பும் அமைச்சர் ஒருவர் விடியற்காலையில் படையெடுப்புக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கும்போது, கெட்ட திசையிலிருந்து ஒரு பல்லி சரியான நொடியில் ஒலி எழுப்பினால், படை ஒரு நாள் தாமதமாகும். நான்கு திசைகளுக்கும் என்னென்ன பலன் என்பதை டிஎம் முன்கூட்டியே ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாயால் சொல்லிவைத்திருந்தால், ஆட்டக்காரர்களே அந்தத் திட்டத்தைத் தீட்டுவார்கள்.

பட்டியலில் ரேவன் இருக்கிறது. அதை நம்முடைய அண்டங்காக்கையாக மாற்றிக்கொள்வதில் எந்தத் தடையுமில்லை. தான் கேட்ட எளிய ஒலிகளை அது அப்படியே திரும்ப எழுப்பும். கேட்பவர் பகடைச் சோதனையில் 10 என்ற இலக்கை எட்டினால்தான் அது போலி என்று கண்டுபிடிப்பார். அதைவிட முக்கியம், அமாவாசையன்று ஒவ்வொரு வீட்டிலும் சோற்றை வைத்துக் காக்கையை அழைப்பார்கள். வராவிட்டால் முன்னோருக்கு என்ன மனக்குறையோ என்று கவலைப்படுவார்கள். எந்த மதிலையும் தாண்டி, எந்த முற்றத்திலும் இறங்கி, யாருடைய சந்தேகத்துக்கும் ஆளாகாமல் நிற்கக்கூடிய உளவாளி அந்த ஒரு நாளுக்கு உங்களுக்குக் கிடைக்கிறார். தளபதியின் வீட்டில் மட்டும் அன்று சோறு வைக்கவில்லை என்ற செய்தியோடு அது திரும்பினால், அங்கிருந்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஓடும்.

மலைக்குப் பொருத்தமாக இன்னொன்று: பட்டியலிலுள்ள வீசல் என்ற சிறு விலங்கின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு மரநாய் என்று அழையுங்கள். மோப்பத்திலும் கேட்பதிலும் அட்வான்டேஜ் உண்டு. பழுத்த காப்பிப் பழத்தைத் தேடித் தின்னும் விலங்கு அது என்பது தோட்டத்தில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். உங்கள் டிஎம்மின் காலமுரண் காப்பிக்கும் ஒரு வேலை கிடைத்துவிடும்.

அஸ்தம்பட்டி_ஆந்தை

இருவருக்கும் நன்றி. அமாவாசைக் காக்கையைப் படித்ததும் ஆந்தையை மாற்றிவிடலாமா என்று தோன்றுகிறது. மந்திரத்தை மீண்டும் செய்தால் உருவத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் விதியிலும் தடையில்லை. ஆனால் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. கதைக்கு உணர்ச்சி கூட வேண்டும் என்பதற்காகச் சாமத்தைக் கொல்லப்போவதாக எங்கள் டிஎம் அவ்வப்போது சொல்கிறார். அது பலன் தருமா?

சூரமங்கலம்_பழையவர்

தராது. மூன்றாம் பதிப்பில் தந்திருக்கும். அதில் துணைவிலங்கு இறந்தால், தாங்குதிறன் சோதனையில் தோற்ற விசார்ட் நிலை ஒன்றுக்கு 200 அனுபவப் புள்ளிகள் வீதம் இழப்பார், வென்றால் அதில் பாதி. ஓராண்டும் ஒரு நாளும் கழியாமல் புதியதை அழைக்கவும் முடியாது. அதனால் பலர் தங்கள் துணைவிலங்கைப் பையைவிட்டு வெளியே எடுக்கவே அஞ்சினார்கள், அதுவும் ஆட்டத்துக்குக் கேடுதான். ஐந்தாம் பதிப்பில் அது உயிரிழந்தால் உடல் மறைந்துவிடுகிறது. 10 பொன் மதிப்புள்ள கரியும் சாம்பிராணியும் மூலிகையும் பித்தளைத் தணலில் எரிய, ஒரு மணி நேரத்தில் அதே ஆவி திரும்பிவிடுகிறது. சாவின் விலை இவ்வளவு மலிவாக இருக்கும்போது அழுகை வராது. மாறாக, ஒரே ஒரு ஹெச்.பி. (உயிர்ப்புள்ளி) கொண்ட அந்தப் பறவையைப் பொறிகளின்மேல் நடக்கவிட்டுச் சோதிக்கும் வழக்கம்தான் வரும்.

எங்கள் குழுவில் ஒரு வீட்டுவிதி உண்டு: திரும்பி வரும் ஆவிக்குத் தான் எங்கே, எப்படி மறைந்தது என்பது நினைவிருக்கும். கட்டளையிட்டால் அந்தச் சுரங்கத்துக்குள் மீண்டும் போகும், ஆனால் போகுமுன் உங்களைப் பார்த்து ஏதாவது சொல்லும். அதைச் சொல்வது உங்கள் வேலையல்ல, உங்களுக்கு வலப்பக்கம் அமர்ந்திருப்பவரின் வேலை. துணைவிலங்கின் குரலை எப்போதும் வேறொரு ஆட்டக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். டிஎம்முக்குச் சுமை குறைகிறது, நீங்களே உங்களுடன் பேசிக்கொள்ளும் சங்கடமும் இல்லை, சும்மா அமர்ந்திருப்பவருக்கு ஒரு பாத்திரமும் கிடைக்கிறது. ரோக் ஆடுபவர் உங்கள் ஆந்தையைக் கொஞ்சம் எரிச்சலான மாமியாராக ஆடத் தொடங்கிவிட்டால், பிறகு யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை நண்பர் சொன்ன விலங்கு மொழியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாவற்றையும் புதிராகவே சொன்னால், ஆட்டக்காரர் ஆந்தையை அனுப்புவதையே நிறுத்திவிடுவார். ஆகவே இரண்டு வரம்புகளை டிஎம்மிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். துணைவிலங்கு சொல்வது முழுமையற்றதாக இருக்கலாம், ஆனால் ஒருபோதும் பொய்யாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு உளவிலும், குழு அடுத்துச் செய்யப்போவதை மாற்றக்கூடிய ஒரு செய்தியாவது இருந்தே தீர வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, அனுப்பும்போதே மேசையிலுள்ள ஒவ்வொருவரும் ஆந்தையிடம் ஒரு கேள்வி கொடுத்தனுப்பட்டும். அது திரும்பியதும் டிஎம் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஆட்டத்தை நகர்த்தட்டும். கேள்வி கேட்காதவருக்குப் பதில் கிடையாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.