செயற்கை டிஸ்க் வைத்த பிறகும் இடுப்பு வலி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் கணவருக்குப் போன வருஷம் கீழ் முதுகில் எல்4, எல்5 என்கிற இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்குக்குப் பதிலாக, வயிற்றுப் பக்கமாகத் திறந்து செயற்கை டிஸ்க் வைத்தார்கள். கால் வலி விட்டது. இப்போது இடுப்பில் புது வலி. பின்பக்கம் சாய்ந்தால் சுருக்கென்று பிடிக்கிறது. பேண்ட் போடக்கூட சுவரைப் பிடித்துக்கொள்கிறார், பார்க்கவே முடியவில்லை.

எக்ஸ்ரேயில் டிஸ்க் நகரவில்லை, எலும்புக்குள் இறங்கவும் இல்லை. சிடி ஸ்கேனில், முதுகெலும்புகளைப் பின்னால் ஒன்றோடொன்று சேர்க்கும் ஃபேசட் என்கிற சின்ன மூட்டுகள் தேய்ந்திருக்கிறதாம். ஒரு டாக்டர் அந்த மூட்டில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் டிஸ்க்கை எடுக்காமலே பின்னாலிருந்து ஸ்குரூ வைத்து அந்த இரண்டு எலும்புகளையும் அசையாமல் இணைக்கலாம் என்கிறார். முதுகு அசையட்டும் என்றுதானே டிஸ்க் வைத்தோம், அதையே பூட்டுவதா என்று மனசு ஒப்பவில்லை.

இந்த ஊசியோ ஸ்குரூவோ போட்டுக்கொண்டவர்கள் இருந்தால், வலி எவ்வளவு குறைந்தது, எப்போது உட்கார்ந்து வேலை பார்க்க முடிந்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.