வேட்பாளரின் வீட்டு முகவரி வாக்காளருக்குத் தெரிய வேண்டுமா? (பிரிட்டன், 2009 வாக்கெடுப்பு)

வடகரையான்:
2009 மார்ச் 2 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை, கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஜூலியன் லூயிஸ் கொண்டுவந்த திருத்தத்தை 235-க்கு 176 என்ற கணக்கில் ஏற்றது. அதுவரை நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பவரின் வீட்டு முகவரி, கதவு எண் உட்பட, வாக்குச்சீட்டிலேயே அச்சாகும். அதற்குப் பிறகு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் எந்தத் தொகுதியில் குடியிருக்கிறார் என்பது மட்டும் வரும். 2010 பொதுத்தேர்தலில் இது நடைமுறைக்கு வந்தது. வாக்குக் கேட்டு என் கதவைத் தட்டுகிறவர், தன் கதவு எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்ல மாட்டாராம். இது எந்த ஊர் நியாயம்?

ஹாரோ செல்வி:
இந்த ஊரில் வாக்களிக்கிறவள் நான். காமன்வெல்த் குடிமக்களுக்கு இங்கே வாக்குரிமை உண்டு என்பதால் நம் ஆட்கள் பலர் இந்தச் சீட்டைக் கையில் வாங்கியவர்கள். அது பல்லாயிரம் பேர் கைக்குப் போகிறது; அதில் ஒருவன் கோளாறானவன் என்றால் போதும். 2000-இல் செல்ட்டனம் உறுப்பினர் நைஜல் ஜோன்ஸ் வாளால் வெட்டப்பட்டார், தடுக்கப் போன உதவியாளர் இறந்துபோனார். 2010-இல் ஈஸ்ட் ஹாம் உறுப்பினர் ஸ்டீபன் டிம்ஸ் கத்திக்குத்து வாங்கினார். 2016-இல் ஜோ காக்ஸ், 2021-இல் டேவிட் அமெஸ் என்ற உறுப்பினர்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். இன்னும் எத்தனை பேர் வேண்டும் உங்களுக்கு?

கணக்கர்:
அக்கா, அந்த நான்கும் எங்கே நடந்தன என்று பாருங்கள். ஜோன்ஸ் தொகுதி அலுவலகத்தில் வெட்டுப்பட்டார். டிம்ஸ் குறைகேட்கும் கூட்டத்தில். காக்ஸ் நூலகத்துக்கு வெளியே. அமெஸ் தேவாலயத்தில். எல்லாமே மக்களைச் சந்திக்கும் இடங்கள். ஒன்றுகூட வீட்டு வாசலில் இல்லை.

ஹாரோ செல்வி:
வீட்டு வாசலிலும் நடந்திருக்கிறது. 1990 ஜூலை 30 அன்று கன்சர்வேட்டிவ் உறுப்பினர் இயன் கவ் தன் வீட்டு முற்றத்தில் காரைக் கிளப்பும்போது ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டு வெடித்து இறந்தார். அமெஸைக் கொன்றவன் அதற்கு முன்பு அப்போதைய அமைச்சர் மைக்கேல் கோவின் வீட்டுப் பக்கம் போய் நோட்டம் பார்த்திருந்தான் என்பதும் வழக்கு விசாரணையில் வெளிவந்தது.

கணக்கர்:
கவ் தன் முகவரியை உள்ளூர் தொலைபேசிப் புத்தகத்திலேயே விட்டுவைத்திருந்தவர். வாக்குச்சீட்டில் மறைத்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்கள்.

என் சந்தேகம் வேறு இடத்தில். தேதிகளை வரிசையாக வையுங்கள். 2008 மே மாதம் உயர் நீதிமன்றம், உறுப்பினர்களின் செலவுக் கணக்கை முகவரிகளோடு வெளியிடச் சொன்னது. ஜூலையிலேயே தகவல் சுதந்திரச் சட்டத்திலிருந்து தங்கள் வீட்டு முகவரிக்கு நாடாளுமன்றம் விலக்கு வாங்கிக்கொண்டது. அடுத்த மார்ச்சில் வாக்குச்சீட்டிலிருந்தும் முகவரி போனது. மே மாதம் டெய்லி டெலிகிராப் நாளிதழ் கசிந்த கணக்குகளை அச்சிட்டபோதுதான் கதை தெரிந்தது: அரசுப் பணத்தில் செலவு கேட்கக்கூடிய 'இரண்டாவது வீடு' எது என்பதை மாற்றி மாற்றிக் காட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் மராமத்துப் பணம் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஜூனில் அதிகாரபூர்வமாக வெளியான பிரதியில் முகவரிகள் கறுப்பாக அடிக்கப்பட்டிருந்தன. அதை மட்டும் வைத்திருந்தால் இந்த வீடு மாற்றும் வித்தை யார் கண்ணிலும் பட்டிருக்காது. பாதுகாப்பு என்ற சொல் எதற்கெல்லாம் குடை பிடிக்கிறது என்று யோசியுங்கள்.

இளம்பரிதி:
கணக்கர் ஐயா, உங்கள் ஆத்திரம் நியாயமானது, குறிவைத்த இடம் தவறு. வாக்குச்சீட்டில் வருவது ஒரே ஒரு முகவரி. அதைப் பார்த்து இரண்டாவது வீட்டு மோசடியை எவர் பிடித்தார்? அந்தக் கொள்ளைக்குப் பிறகு செலவுகளை மேற்பார்க்கத் தனி அமைப்பே அதே ஆண்டு சட்டம் போட்டு உருவாக்கப்பட்டது. அதைக் கேளுங்கள்.

முகவரி சீட்டில் ஏறிய கதையையும் பார்க்க வேண்டும். 1872-இல் ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வந்தபோது, அதன் மாதிரிச் சீட்டில் 'ஜான் பிரவுன், 52, ஜார்ஜ் தெரு, பிரிஸ்டல், வணிகர்' என்கிற பாணியில் வரி இருக்கும். கட்சியின் பெயர் கிடையாது. ஒரே பெயருள்ள இரண்டு பிரவுன்களைப் பிரித்தறிய முகவரியும் தொழிலும்தான் வழி. 1969-க்குப் பிறகு கட்சிப் பெயர் சீட்டில் ஏறிவிட்டது. முகவரி செய்துவந்த வேலை அன்றே முடிந்துவிட்டது.

வடகரையான்:
அடையாளம் காட்டுவது ஒரு வேலை. இன்னொன்றை மறந்துவிட்டீர்களே. கதவு எண் இருந்தால், 'அந்த வீட்டில் இவர் இல்லையே' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். தொகுதிப் பெயரைச் சொல்லிவிட்டு வேறெங்கோ குடியிருப்பவரை யார் பிடிப்பது?

இளம்பரிதி:
எதிர் வேட்பாளர்கள் பிடிப்பார்கள். முகவரிப் படிவம் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்கப்படுகிறது. போட்டியாளர்களும் அவர்களின் முகவர்களும் அதைப் பார்வையிடலாம். தேர்தல் வழக்குப் போடும் கெடுவான 21 நாட்கள் கழிந்த பிறகுதான் அது அழிக்கப்படுகிறது. போட்டியாளரைவிடக் கூர்மையான பக்கத்து வீட்டுக்காரர் உண்டா?

வடகரையான்:
இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து மறைத்தால்? உன் ஆளை நான் கேட்க மாட்டேன், என் ஆளை நீ கேட்காதே என்று போய்விடுவார்கள். தம்பி, அரசியலை நீங்கள் புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்கள்.

ஹாரோ செல்வி:
நான் தெருவில் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் இந்தச் சலுகை 2019-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு பெண் வேட்பாளருக்காகத் துண்டறிக்கை கொடுத்துத் திரிந்தேன். வேட்பாளர் பட்டியல் ஒட்டப்பட்ட சில நாட்களில் அவர் வீட்டுக் கதவின் கீழே ஓர் உறை கிடந்தது. தபால்தலை இல்லை. உள்ளே அவருடைய மகள் பள்ளிக்குப் போகும் பஸ்ஸின் எண் மட்டும் எழுதியிருந்தது, வேறு ஒரு சொல் இல்லை. மறுமுறை அவர் நிற்கவில்லை. ஆயிரம் ஆதாரம் கேட்கிறீர்களே, நிற்காமல் போனவர்களின் பட்டியலை எந்த அலுவலகம் வைத்திருக்கிறது?

கணக்கர்:
அந்த உறை வருத்தப்பட வைக்கிறது, அக்கா. மறுக்கவில்லை. ஆனால் இந்த ஏற்பாடு யாரைக் காக்கிறது என்று பாருங்கள். தேர்தல் முகவரின் அலுவலக முகவரி பொது அறிவிப்பில் வரும். கட்சி வேட்பாளருக்குக் கட்சி அலுவலகம் இருக்கிறது. முகவர் வைக்க வசதியில்லாத சுயேச்சை, தானே முகவராகி, தன் வீட்டையே அலுவலகமாகக் காட்டுவார். அப்படி அவர் முகவரி ஊருக்கே தெரிந்துவிடும். அந்த ஓட்டையை அடைப்பதாக 2025-இல்தான் அரசு சொன்னது. பெரிய கட்சிக்காரர் எத்தனை ஆண்டு முந்திக்கொண்டார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு நடுவழி சொல்கிறேன். சீட்டில் வேண்டாம். தொகுதியின் எந்த வாக்காளரும் தன் அடையாளத்தைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு, அந்தப் படிவத்தைப் பார்க்கட்டும்.

ஹாரோ செல்வி:
உறை வந்த பிறகு பதிவேட்டைப் புரட்டி என்ன பயன்? சம்மதமில்லை.

வடகரையான்:
எனக்கும் சம்மதமில்லை, எதிர்க் காரணத்துக்கு. வாக்குப் போட வருகிறவன் வேட்பாளர் எங்கே குடியிருக்கிறார் என்று அறியக் கையெழுத்துப் போட வேண்டுமா?