அக்கூஸ்டிக் கிட்டாரில் மூன்றாம் கம்பி வளைய மறுக்கிறது

எலெக்ட்ரிக் கிட்டாரில் சரளமாக வரும் ஒரு ப்ளூஸ் சோலோ, அக்கூஸ்டிக்கில் மூன்றாம் கம்பியில் முட்டி நிற்கிறது. ஏழாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) முழு ஸ்வரம் ஏற கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் அரை ஸ்வரம்தான் ஏறுகிறது. விரல் நுனியில் கோடு விழுந்ததுதான் மிச்சம். சில மாதங்களாக இதே கதை.

எலெக்ட்ரிக்கில் இருப்பது 0.009 செட் (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில்), மூன்றாம் கம்பி வெறும் எஃகு. அக்கூஸ்டிக் டிரெட்நாட் வகை, 0.012 செட், அதில் மூன்றாவது வெண்கலம் சுற்றிய கம்பி. 0.011 செட்டுக்கு மாறினேன், அதிலும் சுற்றிய கம்பிதான். சுருதியை அரை ஸ்வரம் இறக்கினேன். இழுக்கச் சற்று எளிது, ஆனால் ஒலி தொளதொளத்தது. கம்பிகளின் உயரத்தைக் குறைத்ததும் ஃப்ரெட்டில் உரசி இரைகிறது. இரண்டாம் கம்பிக்கு மாற்றி வாசித்தால் அந்தக் கனம் இல்லை.

‘லைலா’ பாட்டை கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1992இல் அக்கூஸ்டிக்கில் வேகம் குறைத்து வாசித்தாரே, நீயும் மெட்டை மாற்று என்கிறான் நண்பன். அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் 1970 பதிவில் உச்சத்தில் அழுவது டுவேன் ஆல்மனின் ஸ்லைடு, அதாவது கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிக்கும் கிட்டார். அது போனபின் கிடைத்தது வேறொரு பாட்டு, என் கணக்கில். எனக்கு இதே சோலோதான் வேண்டும்.

மூன்றாவதை மட்டும் 0.017 வெறும் எஃகுக் கம்பியாக மாற்ற நினைக்கிறேன். கிட்டாரின் பாலத்தில் (பிரிட்ஜ்) கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டு சுற்றிய கம்பிக்காகச் செதுக்கப்பட்டது என்பதால், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறிவிடும் என்ற பயம். இப்படி மாற்றியவர்களே, அந்தத் துண்டைத் திருத்தாமல் சமாளிக்க முடிந்ததா?