எங்கட வீட்டுக் குழு: தம்பி எப்ப ஓடலாம்?

*தம்பி:* இன்றோடு இடது முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து 14 கிழமை. நோ துளியும் இல்லை. நாளைக்குக் காலையில் திருகோணமலைக் கோட்டைக்குள் மெதுவாக ஓடிப் பார்க்கட்டா?

*அம்மா:* ஐயோ வேண்டாம்

*சின்ன மாமா:* 3 மாதத்தில் ஓடலாம் என்றுதானே டொக்டர் சொன்னவர். விடு அக்கா, ஓடட்டும்.

*அக்கா:* மாமா, 3 மாதத்துக்குப் பிறகு, அதுவும் முழங்கால் தயார் என்றால். தம்பி, ஞாயிற்றுக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தாயே, பின்னேரம் கால் எப்படி இருந்தது?

*தம்பி:* கொஞ்சம் வீங்கியிருந்தது. ஐஸ் வைத்தேன், காலையில் வற்றிவிட்டது.

*அம்மா:* இதை எனக்குச் சொல்லவே இல்லை!!

*அக்கா:* அந்த இறக்கத்தில் நடந்ததற்கே வீக்கம். நோ இல்லை என்பதை நம்பாதே. உள்ளே இருப்பது, அறுந்த லிகமென்டுக்கு (எலும்புகளைக் கட்டி வைக்கும் நார்) பதிலாகத் தொடையின் பின்பக்கத்தில் இருந்து எடுத்து வைத்த நார். அது முதலில் பலம் குறைந்து, புது இரத்த ஓட்டம் வந்து, பிறகுதான் மெல்ல மெல்ல லிகமென்டாக மாறும். நோ போய் உனக்குத் துணிவு வருகிற நாட்களில்தான் அது ஆக மெலிந்து கிடக்கும். பிசியோவாக நான் தினமும் சொல்கிற பாட்டு இது.

*அக்கா:* அம்மாவின் தையல் டேப்பை எடு. முழங்கால் சில்லுக்கு மேலே 10 சென்ரிமீற்றரில் இரண்டு தொடையையும் சுற்றி அள.

*தம்பி:* வலது 49. இடது 46.

*அக்கா:* சரி. இப்போது கதிரையில் இருந்து இடது காலால் மட்டும் எழும்பு. கை பிடிக்காமல் 10 தரம்.

*தம்பி:* 4 😐 ஐந்தாவதில் முழங்கால் உள்ளே சாய்ந்தது, மேசையைப் பிடித்துவிட்டேன்.

*சின்ன மாமா:* அப்ப பொறு தம்பி. என்னோடு பந்தடித்த ஒருத்தன் 5 மாதத்தில் மட்ச் இறங்கினான். திரும்பியதுதான், யாரும் தட்டவில்லை, அதே லிகமென்ட் போய்விட்டது. இரண்டாம் ஒப்பரேஷன்.

*அக்கா:* பந்துக்கு 9 மாதமாவது வேண்டும். 2016இல் வந்த ஓர் ஆய்வில், 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் பிந்தப் பிந்த மறுபடி காயப்படுவது பாதியளவு குறைந்திருந்தது. நேர் ஓட்டம் அதற்கு முன்பே சரி. ஆனால் இடது தொடைக்கு வலதின் பலத்தில் 70 வீதமாவது வரட்டும், அதை இங்கே மெஷினில் பார்க்கலாம். அரை மணி வேகமாக நடந்தும் அடுத்த நாள் வீங்கக்கூடாது. அப்புறம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

*தம்பி:* டச்பே கடற்கரை மணலில் ஓடலாமா? மெத்தென்று இருக்குமே.

*அக்கா:* மணலில் கால் புதைந்து திரும்பும். சமதரை கிரவுண்ட் போதும். 3 கிழமை கழித்து அளந்து அனுப்பு.

*தம்பி:* சரி 😔 கோட்டை மான்களிடம் சொல்லிவிடுகிறேன்.

*அம்மா:* டேப்பை இருந்த இடத்தில் வை. நாளைக்குச் சட்டை தைக்க வேண்டும்.