அம்மா போன பிறகு அப்பாவின் சாப்பாடும் குளிசையும்: தெரிந்ததைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை அக்கா:
அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் ஊருக்குத் திரும்பும்வரை யாராவது சமைப்பார்கள், அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிடுவார். அதற்குப் பிறகு காலையில் ஒரு பிளேன்ரீ, இரண்டு கிறீம் கிராக்கர். அவ்வளவுதான். சாப்பாடு பாதியாகும், சீனி வருத்தக் குளிசை மட்டும் பழைய அளவிலேயே போகும். ஆபத்து அங்கேதான்.

மெட்ஃபோர்மின் குளிசை தனியே சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் அப்படியில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளிபென்கிளமைட் உடம்பில் கூடநேரம் நிற்கும். கிளினிக் கொப்பியில் இந்தப் பெயர்கள் இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை பார்த்துக்கொண்டிராமல், சாப்பாடு குறைந்ததை டொக்டரிடம் சொல்லி அளவைக் கேளுங்கோ. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இரத்தத்தில் சீனி 70க்கு (mg/dL) கீழே போனால் வேர்க்கும், கை நடுங்கும். வயதானவர்களிடம் அதுகூடத் தெரியாமல் போகலாம். காரணமில்லாமல் எரிந்து விழுவார், கதை குழறும், கதிரையிலேயே சோர்ந்து கிடப்பார். 'அம்மாவை நினைத்துக் கவலைப்படுகிறார்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். முதலில் விரலில் குத்திப் பாருங்கோ. குறைந்திருந்தால் 3, 4 தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஏறியதும் பாணோ சோறோ கொடுங்கோ. இந்தக் குளிசைகளோடு சில மணி நேரத்தில் சீனி மறுபடியும் இறங்கலாம், ஆகவே ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்சுக்கு எடுங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அக்கா சொன்ன கொப்பியோடு கிளினிக்கில் தரும் கடதாசி உறைகளையும் பாருங்கோ. 'பி.டி.' என்றால் இரண்டு நேரம், 'டி.டி.எஸ்.' மூன்று நேரம், 'நொக்டே' இரவு. இதையெல்லாம் அம்மா மனதில் வைத்திருந்திருப்பார். அப்பாவுக்கு, மார்க்கர் பேனையால் 'காலை, சாப்பிட்ட பிறகு' என்று உறையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கோ.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: கிளினிக்கில் பிரஷருக்கு லொசாட்டன் தருவார்கள், வெளியில் பார்த்த டொக்டர் வேறு கம்பனிப் பெயரில் அதே லொசாட்டனை எழுதியிருப்பார். இரண்டையும் போட்டுவிட்டு எழும்பும்போது தலை சுற்றி விழுவார்கள். பெட்டியில் கம்பனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஏழு நாள் குளிசைப் பெட்டி நல்லது. ஆனால் ஒரு கிழமைக்கு மட்டும் நிரப்புங்கோ. கொழும்பு ஈரக்காற்றில் உறையை விட்டு எடுத்த குளிசை இளகிப் போகும். சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் போத்தலும் அப்படித்தான், மூடி திறந்து கிடந்தால் கணக்குப் பிழைக்கும்.

பம்பலப்பிட்டி பிளட்ஸ்:
மதியப் பார்சலை எல்லாரும் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. ஒரு பார்சல் சோறு இரண்டு நேரத்துக்குக் காணும் என்பதுதான் சிக்கல். பிரிக்கும்போதே பாதியை வேறு கிண்ணத்தில் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைக்க வேண்டும். மேசையில் மூடி வைத்து இரவு சாப்பிட்டால் வயிற்றால் போகும்.

குசினிப் பக்கம் போகாதவர் முதலில் பழக வேண்டியது சொதி. இடியப்பம் கடையில் வாங்கலாம், சொதி இருந்தால் இறங்கும். ஒரு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி மஞ்சள், கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, உப்பு, ஒரு கோப்பை தண்ணீர். வெங்காயம் அவிந்ததும் அடுப்பைக் குறைத்து அரைக் கோப்பை தேங்காய்ப்பால். தேங்காய்ப் பால்மா என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் தனியே கரைத்து ஊற்றச் சொல்லுங்கோ, நேரே தூவினால் கட்டிபடும். நுரைத்து எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப் புளி இறக்கி ஆறவிட்ட பிறகுதான், அடுப்பில் இருக்கும்போது விட்டால் திரைந்துவிடும். பிரஷர் இருந்தால் உப்பை அப்பாவே போடட்டும், நீங்கள் கரண்டியை மட்டும் சின்னதாக மாற்றி வையுங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:
கடதாசி வேலையில் ஒன்று. அம்மா ஓய்வூதியம் எடுத்தவர் என்றால் உடனே பிரதேச செயலகத்துக்கு அறிவியுங்கோ, பிந்தினால் கூட வந்த காசைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். மனைவி அரச உத்தியோகத்தர் என்றால் கணவனுக்கும் தபுதாரர் ஓய்வூதியம் உண்டு, 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம். விதவைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கேட்காமலே விடுகிறார்கள். அம்மாவின் போன் நம்பரையும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள், வங்கி அனுப்பும் குறியீட்டு இலக்கம் (OTP) அதற்குத்தான் வரும்.

புதியவர்:
அப்பா விரலில் குத்த விடுகிறாரில்லை.

வெள்ளவத்தை அக்கா:
விரல் நுனியின் நடுவில் குத்தியிருப்பீர்கள், அது நோகும். பக்கவாட்டில் குத்துங்கோ, விரலையும் ஒவ்வொரு முறை மாற்றுங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்து, கொஞ்ச நேரம் கீழே தொங்க விட்டால் பிசையாமலே துளி வரும். மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால் இல்லாத சீனியைக் காட்டும்.