தடய அறிவியல் ஜே.ஆர்.எஃப்.: பணம் கைக்கு வந்த கதை

தடய அறிவியலில் ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் ஸ்காலர்ஷிப் எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள், என் கதையைச் சொல்கிறேன். யு.ஜி.சி. நெட் தேர்வில் தடய அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது, இரண்டாவது தடவை எழுதியதில் ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆராய்ச்சி மாணவருக்கு மாதாமாதம் தரும் ஜூனியர் உதவித்தொகை, கிடைத்தது. மாதம் 37,000 என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. முதல் பணம் வந்தது ஐந்து மாதம் கழித்து. ஜாயினிங் ரிப்போர்ட்டில் கைடு கையெழுத்துப் போட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் ஒருவர் வங்கிப் போர்ட்டலில் நம்மை ஏற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும், மேக்கர், செக்கர் என்பார்கள், அப்புறமும் மாதாமாதம் இவன் வேலை செய்கிறான் என்று உறுதி செய்தால்தான் பணம். எங்கள் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) செக்கர் மாற்றலாகிப் போய்விட்டார், லாகின் மட்டும் அவர் பெயரிலேயே கிடந்தது. ஐந்து மாதமும் மாமா கொடுத்த காசில்தான் ஓடியது. அப்புறம் அரியரோடு மொத்தமாக வந்தது, அது வேறு விஷயம். ஹாஸ்டலில் இருந்ததால் வீட்டு வாடகைப் படியும் கிடையாது.

என் தலைப்பு டயாட்டம். உயிரோடு தண்ணீரில் மூழ்குகிறவர் இழுக்கும் தண்ணீரோடு இந்த நுண்பாசி நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, எலும்பு மஜ்ஜை வரை சேரும். செத்த பிறகு தூக்கிப் போட்டால் நுரையீரலுக்குள் கொஞ்சம் கசியலாம், அதைத் தாண்டிக் கொண்டுபோக ரத்த ஓட்டம் இல்லையே. மஜ்ஜையை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் சதை கரைந்துவிடும், டயாட்டத்தின் சிலிக்கா ஓடு மட்டும் கண்ணாடிச் சில்லு மாதிரி நிற்கும். எந்தத் தண்ணீர் என்று சொல்ல அந்தந்த நீர்நிலையில் எந்த இனம் எந்த மாதத்தில் இருக்கிறது என்ற கணக்கு முதலில் வேண்டும். அதற்காகத்தான் சோழவந்தான் பக்கம் வைகை, வண்டியூர் கண்மாய், மேலூர் பக்கத்துக் கல்குவாரிப் பள்ளம் என்று ஒரு வருடம் பாட்டிலோடு அலைந்தேன். குழாய்த் தண்ணீரிலும் டயாட்டம் இருக்கும், அதில் பாட்டிலைக் கழுவினால் ரிசல்ட் நாசம், எல்லாமே டிஸ்டில்டு வாட்டர்தான். கன்டிஞ்சன்சி என்று ஆராய்ச்சிச் செலவுக்குத் தனியாக வருடத்துக்கு 12,000 தருகிறார்கள், அமிலமும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கட்டணமுமே அதைத் தின்றுவிடும். பில்லைத் தொலைத்தால் அதுவும் போச்சு. நான் இரண்டு தொலைத்தேன்.

கண்மாயில் பாட்டிலை இறக்கினால் போதும், கரையில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். "ஏம்ப்பா, யாரு விழுந்தது?"

*

நானும் ஜே.ஆர்.எஃப்.தான். மேலே டயாட்டம் பற்றி எழுதியவருக்கு: இரண்டு வருடம் முடிவதற்கு முன்பே எஸ்.ஆர்.எஃப்.புக்கு, அதாவது அடுத்த கட்டமான சீனியர் உதவித்தொகைக்கு, ஓட ஆரம்பியுங்கள். மூன்று பேர் குழு பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் 42,000 ஆகும். எனக்கு வெளியிலிருந்து வர வேண்டிய பேராசிரியருக்குத் தேதி ஒத்துவராமல் நான்கு மாதம் இழுத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்குகளில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது, அதனால் உங்கள் காட்டில் மழை என்கிறார் என் மச்சான். மழை வரட்டும், நனைந்துகொள்கிறேன்.

*

மேலே எழுதிய இரண்டு பேரையும் போல எனக்கு ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பிஎச்.டி.க்குத் தரும் ஆண்டுக்கு ஒரு லட்சம்தான். மாதக் கணக்கில் பார்த்தால் எட்டாயிரத்துச் சொச்சம், அதுவும் மாதாமாதம் வராது.

நான் பார்ப்பது அரளி விஷம். நம் பக்கத்துப் பிரேதப் பரிசோதனை அறைக்கு அரளி விதை புதிதில்லை. உள்ளுறுப்பில் அதை அடையாளம் காண, ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான சாறு வேண்டும், அதற்கு விதை வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் ஓரத்தில் மஞ்சள் அரளி நிறையக் காய்த்திருந்தது. கையுறை போட்டுப் பறித்துப் பறித்துக் கவரில் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு பாட்டி ஆட்டை விட்டுவிட்டு ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "என்ன தாயி கஷ்டம் ஒனக்கு? எதுனாலும் பேசிக்கலாம்டா கண்ணு." ஆராய்ச்சி என்கிறேன், கேட்கவே இல்லை. அடையாள அட்டையைக் காட்டினேன், எழுதப் படிக்கத் தெரியாது என்றது. கவரைப் பிடுங்கி அத்தனையையும் முள்வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, சுருக்குப் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்துக் கையில் திணித்து, பஸ் ஏறி நேரே வீட்டுக்குப் போ என்று நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தது.

டவுன் பஸ், எனக்கு டிக்கெட் கிடையாது. அந்த மாதம் ஸ்காலர்ஷிப்பும் வந்திருக்கவில்லை. இறங்கின இடத்தில் அந்தக் காசில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். விதைக்கு அடுத்த வாரம் வேறு ஊர் போனேன்.