ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சொந்த அனுபவம் எழுத வைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். 38 பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு பாடவேளை, தலா 40 நிமிடம். ‘மறக்க முடியாத நாள்’ என்று தலைப்புக் கொடுத்தால் எழுந்தேன், பல் தேய்த்தேன், கிளம்பினேன், வந்து தூங்கினேன் என்று பட்டியல்தான் வருகிறது. சில பேர் ‘எனக்கு எதுவும் நடக்கலையே’ என்று சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
சிக்கல் தலைப்பில்தான் இருக்கிறது. ‘நாள்’ என்று கேட்டால் நாள் முழுவதையும்தான் எழுதுவார்கள். பத்து நிமிடத்துக்குள் நடந்து முடிந்த ஒன்றைக் கேளுங்கள்: உடம்பில் இருக்கும் ஒரு தழும்பு எப்படி வந்தது? எதை உடைத்துவிட்டு மறைத்தாய்? ‘எதுவும் நடக்கலை’ என்கிற பிள்ளைக்கும் முழங்காலில் ஒரு தழும்பு இருக்கும்.

எழுதுவதற்கு முன் வாயால் சொல்லட்டும். இரண்டிரண்டு பேராக, ஆளுக்கு 2 நிமிடம். கேட்கிறவர் ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்கக் கூடாது, அது கதையை ஓட்டிக்கொண்டே போய்விடும். ‘அப்போ யார் என்ன சொன்னாங்க? நீ எங்கே நின்னே?’ என்று கேட்டால் அந்த இடத்திலேயே நிற்பார்கள். பிறகு துணையை மாற்றி அதையே இன்னொரு முறை. இந்தத் தடவை வேண்டாத முன்கதை பெரும்பாலும் தானாகக் கழன்றுவிடும். அதன் பின் 8 நிமிடம் கை நிறுத்தாமல் எழுத்து. அடித்துத் திருத்துவது அன்றைக்கு வேண்டாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்று. வாயால் அருமையாகச் சொன்ன பிள்ளை, பேனா எடுத்ததும் ‘நான் மிகவும் மனமகிழ்ச்சி அடைந்தேன்’ என்று விறைத்துப்போகும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம் அது. உரையாடலைப் பேச்சு வழக்கிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதலாம் என்று முதலிலேயே அனுமதி கொடுத்துவிடுங்கள். விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும்.

இரண்டாம் பாடவேளைக்கு ஒரே வேலை போதும். உணர்ச்சியின் பெயர் வரும் ஒரு வரியைக் கண்டுபிடித்து மாற்றுவது. ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்பதைக் கரும்பலகையில் எழுதி, கை என்ன செய்தது, காதில் என்ன விழுந்தது என்று கேளுங்கள். ‘உடைந்த துண்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.’ இதில் பயம் என்ற சொல்லே இல்லை. எல்லா வரியையும் இப்படி மாற்றச் சொன்னால் கட்டுரை வீங்கிவிடும், ஒரே ஒரு இடம்தான்.

மறுமொழி 3:
யார் படிக்கப் போகிறார்கள் என்பதை எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். வகுப்பில் வாசிப்பது கட்டாயம் என்றால் பாதுகாப்பான பொய்யைத்தான் எழுதுவார்கள். ‘வாசிக்க வேண்டாம்’ என்று மூலையில் ஒரு குறி போட்டால் அதை மதியுங்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியமாக வைக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதல் வரைவில் ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: ‘அண்ணன் அப்போது எங்கே இருந்தான்?’ மதிப்பெண்ணை விட அதற்குத்தான் பதில் எழுதிக்கொண்டு வருவார்கள்.